மெயில் சர்வரை நிறுத்தாமல் பிளகின் அமைப்புகளை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் சொந்த டொமைனில் மெயில் சர்வர் வைத்து நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய வீட்டை ஹோட்டலாக்கியவர்கள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள், கண்டாங்கிச் சேலையும் தேன்குழலும் கடல் தாண்டி அனுப்பும் கடைகள், கல்லூரிகள் என்று பல இடங்களில் சர்வரைப் பார்த்துக்கொள்வது ஒரே ஆள்தான். அவருக்கு அதைத் தவிரப் பத்து வேலை இருக்கும். எந்த மாற்றம் செய்தாலும் சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிடும் பழக்கம் அங்கேதான் வருகிறது. பெரும்பாலான நேரம் அது தேவையே இல்லை. ஒரு அமைப்பு ஃபைலை யார் படிக்கிறார், எப்போது படிக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

இங்கே பேசுவது லினக்ஸில் ஓடும் மூன்று புரோகிராம்களின் கூட்டணியைப் பற்றி: மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துப் படிக்கக் கொடுக்கும் டவ்காட், ஸ்பாமை வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி. பிளகின் என்றால் இவற்றோடு சேர்ந்து கூடுதல் வேலை செய்யும் துணை நிரல். போகும் மெயிலில் கையெழுத்துப் போடும் ஓப்பன்டிகேஐஎம், வைரஸ் தேடும் கிளாம்ஏவி, போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற வேறு மெயில் சர்வர்களான எக்ஸிம், ஹராக்கா ஆகியவையும் தேவையான இடத்தில் வரும்.

ரீலோடுக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்?

ரீஸ்டார்ட் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் முழுவதும் நின்று, புதிதாக மறுபடி எழும். நடுவில் போர்ட், அதாவது இணைப்புகள் வந்து சேரும் வாசல், மூடிக் கிடக்கும். ரீலோட் என்றால் தலைமை புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அப்படியே இருக்கும், போர்ட்டும் திறந்தே இருக்கும். அமைப்பை மட்டும் மறுபடி படித்துவிட்டு, இனிமேல் வரும் வேலைக்குப் புதிய பிள்ளை புராசஸ்களை எழுப்பும்.

கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்குக் குழம்பை மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை யாரும் எழுப்பப் போவதில்லை. அவர்கள் இலையில் விழுந்ததைச் சாப்பிட்டு எழுவார்கள், அடுத்து உட்காருபவர்களுக்குத்தான் புதுக் குழம்பு. ரீலோடும் அப்படித்தான். அதனால் கொஞ்ச நேரம் பழைய அமைப்பும் புதிய அமைப்பும் ஒரே சர்வரில் சேர்ந்தே ஓடும். ரீலோட் பற்றி வரும் சந்தேகங்களில் பாதி இதிலிருந்து பிறப்பவைதான்.

நள்ளிரவில் ரீஸ்டார்ட் செய்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

நம் ஊரில் தெரியாது. ஆனால் காரைக்குடியில் இரவு 12 மணி என்றால் லண்டனில் குளிர்காலத்தில் மாலை 6.30, கோடையில் 7.30. பாரிஸில் அதைவிட ஒரு மணி நேரம் கூடுதல். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, விடுமுறைக்கு அறை கேட்டு மெயில் எழுதும் நேரம் அதுதான். கானாடுகாத்தான் ஹோட்டலுக்கு ஐரோப்பாவிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் நமது நள்ளிரவு அவர்களுக்கு மும்முரமான பொழுது. சரி, விடியற்காலை ஐந்து மணிக்குச் செய்யலாமே என்றால், மலேசியாவில் அப்போது 7.30. சொந்தக்காரர்களும் வியாபாரிகளும் அங்கே எழுந்திருப்பார்கள். செட்டிநாட்டு வியாபாரத்துக்கு ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று கிடைப்பது கஷ்டம்.

ரீஸ்டார்ட் செய்தால் மெயில் தொலைந்துவிடுமா?

தொலையாது. இந்தப் பயம் தேவையில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் தன் வரிசையை டிஸ்க்கில் வைத்திருக்கிறது, நின்று எழுந்தாலும் அது அங்கேயே இருக்கும். வெளியிலிருந்து வரும் மெயிலும் அப்படித்தான். உங்கள் சர்வர் எடுக்கவில்லை என்றால் அனுப்பும் சர்வர் காத்திருந்து மறுபடி முயலும். மெயில் பரிமாற்றத்துக்கான விதி ஆவணமான ஆர்எஃப்சி 5321 சொல்வது, முயற்சிகளுக்கு நடுவே குறைந்தது 30 நிமிடம், கைவிடும் முன் குறைந்தது 4 அல்லது 5 நாள்.

சிரமம் வேறு இடத்தில். அரை மணி நேரம் தள்ளி வரும் மெயில் சில நேரம் ஒரு பதிவையே இழக்க வைக்கும். டவ்காட்டை ரீஸ்டார்ட் செய்தால் இணைப்பில் இருக்கும் எல்லா போனும் கம்ப்யூட்டரும் ஒரே நொடியில் அறுந்து, ஒரே நொடியில் திரும்ப வந்து லாகின் கேட்கும். அப்போது சிலருக்குப் பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி எழும்பும். "தம்பி, மெயில் பாஸ்வேர்ட் மாத்திட்டீங்களா?" என்று ஹோட்டலிலிருந்து போன் வரும். அமைப்பில் எழுத்துப்பிழை இருந்தாலோ, ரீஸ்டார்ட்டில் நின்றது எழவே எழாது. பல ரீலோட்களில் அதே பிழை இருந்தாலும் பழைய அமைப்போடு வேலை தொடரும். நான் ரீலோடை விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

போஸ்ட்ஃபிக்ஸில் எந்த ஃபைலை மாற்றினால் ரீலோட் தேவை?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் இங்கேதான்.

போஸ்ட்ஃபிக்ஸ் ஒரே புரோகிராம் இல்லை. வீட்சே வெனிமா அதை ஐபிஎம்மில் இருந்தபோது எழுதி 1998-இல் வெளியிட்டார். தொடக்கத்திலிருந்தே அது சின்னச் சின்ன புராசஸ்களின் கூட்டம். வெளியிலிருந்து வரும் மெயிலை வாங்குவது எஸ்எம்டிபிடி, வரிசையை நிர்வகிப்பது கியூஎம்ஜிஆர், இவற்றுக்கெல்லாம் தலை மாஸ்டர். ஒவ்வொரு புராசஸும் தான் பிறக்கும்போது மெயின்.சிஎஃப் என்ற முதன்மை அமைப்பு ஃபைலைப் படிக்கிறது. எஸ்எம்டிபிடிக்கு ஆயுள் குறைவு: இயல்பான அமைப்பில் 100 முறை வேலை செய்தாலோ, 100 நொடி சும்மா இருந்தாலோ போய்விடும். அதனால் மெயின்.சிஎஃப்பை மாற்றிவிட்டு நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும், புதிதாகப் பிறக்கும் புராசஸ்கள் மாற்றத்தைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். "ரீலோடே பண்ணவில்லை, எப்படி மாறியது?" என்பதற்குப் பதில் இது. அரைகுறையாக எடிட் செய்து சேவ் பண்ணிவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். போஸ்ட்கான்ஃப் கட்டளையின் 'இ' விருப்பத்தை வைத்து மாற்றினால், அது தற்காலிக ஃபைலில் முழுவதும் எழுதி முடித்த பிறகே பெயர் மாற்றி உள்ளே வைக்கும். பாதி எழுதிய ஃபைலை யாரும் படிக்கும் வாய்ப்பு இல்லை.

கியூஎம்ஜிஆர் அப்படி இல்லை. அது நீண்ட நாள் ஓடும், தானாகப் போகாது. அதற்குச் சொல்ல வேண்டுமானால் போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட் செய்தே ஆக வேண்டும். எந்தெந்தப் புராசஸ் ஓட வேண்டும் என்று சொல்லும் மாஸ்டர்.சிஎஃப்பை மாற்றினாலும் ரீலோட்.

முகவரிகளையும் விதிகளையும் பட்டியலாக வைத்திருக்கும் அட்டவணைகளின் கதை வேறு. ஹாஷ் வகை அட்டவணையை மாற்றினால் அதை மறுபடி தொகுக்கும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டினால் போதும். ஃபைல் மாறியதைக் கவனிக்கும் புராசஸ், கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுத் தானே விலகும். ஆனால் சிஐடிஆர், பிசிஆர்இ, டெக்ஸ்ட்ஹாஷ் போன்ற வெறும் எழுத்து ஃபைல்களுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே ரீலோட் செய்வதே நல்லது. பயனர் பட்டியல் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருந்தால் ஒவ்வொரு முறையும் கேட்டே எடுக்கும். கல்லூரிக்குப் புது மாணவர்கள் ஐந்நூறு பேரைச் சேர்த்தாலும் ஒன்றையும் தொட வேண்டாம்.

ரீலோட் போதாத இடமும் ஒன்று உண்டு. எந்த ஐபி முகவரியில் காது கொடுப்பது என்று சொல்லும் இனெட் இன்டர்ஃபேசஸ் வரியை மாற்றினால் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித்தான் தொடங்க வேண்டும்.

ஸ்பாம் வடிகட்டியை மில்டராக முதல்முறை சேர்க்கிறேன். எந்த வரிசையில் செய்வது?

மில்டர் என்பது மெயிலை வாங்கும்போதே போஸ்ட்ஃபிக்ஸ் கேட்டுப் பார்க்கும் வெளிப் புரோகிராம். முதலில் வடிகட்டி எழுந்து நிற்கட்டும். ஆர்ஸ்பாம்டி என்றால் மில்டருக்கான 11332 போர்ட்டில் அது கேட்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே மெயின்.சிஎஃப்பில் மில்டர் வரியை எழுதி ரீலோட் செய்யுங்கள்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்றால், போஸ்ட்ஃபிக்ஸ் மில்டரைத் தேடும், கிடைக்காது, வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் 451 என்று தற்காலிக மறுப்பு சொல்லும். இது மில்டர் டிஃபால்ட் ஆக்‌ஷன் என்ற வரியின் இயல்பு மதிப்பு. வெளியிலிருந்து வருபவை மறுபடி முயலும், பரவாயில்லை. ஆனால் உள்ளே இருப்பவர் அவுட்லுக்கிலிருந்து அனுப்பும் மெயிலுக்கும் அதே மறுப்புதான் கிடைக்கும். அவர் திரையில் அது பிழைச் செய்தி.

அந்த வரியை 'அக்செப்ட்' என்று மாற்றிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றினால் வடிகட்டி விழுந்த நேரமெல்லாம் ஸ்பாம் நேரே உள்ளே வரும், போகும் மெயில், உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்து இல்லாமல் போகும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், தனக்கு அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் (டொமைனுக்காக எந்தச் சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகேஐஎம் எதிர்பார்க்கிறது. அதன் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இரண்டும் வேண்டும், அவை தவறினால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் வேண்டும். கையெழுத்தில்லாத மெயில் ஸ்பாம் பெட்டிக்குப் போய் விருந்தாளி பார்க்காமல் விடுவதைவிட, பத்து நிமிடம் தாமதமாகப் போவது மேல். நான் இயல்பு மதிப்பை அப்படியே வைக்கச் சொல்வேன்.

ஆர்ஸ்பாம்டியில் ஒரு அனுப்புநரை வெள்ளைப் பட்டியலில் சேர்க்க ரீலோட் வேண்டுமா?

பட்டியல் ஒரு மேப் ஃபைலில், அதாவது அமைப்புக்கு வெளியே தனியாக வைத்த பட்டியல் ஃபைலில், இருந்தால் வேண்டாம். மேப் மாறியதா என்று ஆர்ஸ்பாம்டியே அவ்வப்போது பார்த்து எடுத்துக்கொள்ளும். அதனால் அடிக்கடி மாறும் எதையும், அதாவது நூல்காரர், லாரி ஆபீஸ், டிராவல் ஏஜெண்ட் முகவரிகளையெல்லாம், அமைப்பு ஃபைலுக்குள் எழுதாமல் மேப்பில் வையுங்கள். பாதி ரீலோட் வேலை அங்கேயே குறைந்துவிடும்.

லோக்கல்.டி அடைவில் இருக்கும் அமைப்புகளை மாற்றினால் ரீலோட் வேண்டும். அதற்கு முன் ஆர்ஸ்பாமட்மின் கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டுங்கள். இதை வலியுறுத்தக் காரணம், புதிய அமைப்பில் பிழை இருந்தால் ஆர்ஸ்பாம்டி பழையதிலேயே தொடரும். நல்ல குணம்தான். ஆனால் ரீலோட் கட்டளை முகம் சுளிக்காமல் முடிந்திருக்கும், பிழை லாகில் மட்டும் இருக்கும். மாற்றம் வந்துவிட்டது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

டவ்காட்டில் கோட்டா (பெட்டியின் அளவு வரம்பு) பிளகின் சேர்த்து ரீலோட் செய்தேன். கம்ப்யூட்டரில் அளவு தெரிகிறது, முதலாளி போனில் தெரியவில்லையே?

அவர் போன் காலையிலிருந்து ஒரே ஐமேப் இணைப்பை, அதாவது மெயில் படிக்கும் இணைப்பை, பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இணைப்பைக் கவனிக்கும் புராசஸ் பழைய அமைப்போடு பிறந்தது. இணைப்பு அறும் வரை அது மாறாது. டவ்அட்மின் ஹூ என்று கேட்டால் யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று காட்டும். டவ்அட்மின் கிக் கொடுத்து அந்த ஒருவரை மட்டும் அவிழ்த்துவிடலாம். போன் தானே திரும்ப வந்து இணையும், இப்போது புதிய பிளகினோடு. ஒருவருக்காக எல்லோரையும் அறுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். பிளகினை ஐமேப் பகுதியில் மட்டும் எழுதிவிட்டு மெயிலைப் பெட்டியில் போடும் எல்எம்டிபி பகுதியில் எழுதாமல் விட்டுவிட்டால், அளவு திரையில் தெரியும், ஆனால் பெட்டி நிரம்பினாலும் மெயில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். எவ்வளவு ரீலோட் செய்தாலும் இது சரியாகாது.

டிகேஐஎம் சாவியை மாற்ற வேண்டும். போகிற மெயில் ஒன்றுகூடக் கெடாமல் எப்படி?

இதில் அவசரப்படாதீர்கள். புதிய சாவிக்கு, அதை அடையாளம் காட்டும் புதிய செலக்டர் பெயர் வைத்து, பொதுச் சாவியை முதலில் டொமைனின் விவரங்களை உலகுக்குச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் ஏற்றுங்கள். அது வெளியே தெரிகிறது என்று உறுதியான பிறகு, ஓப்பன்டிகேஐஎம்மின் சாவி அட்டவணையிலும் கையெழுத்து அட்டவணையிலும் புதிய செலக்டரை எழுதுங்கள். பின்பு ரீலோட். ஓப்பன்டிகேஐஎம் யூஎஸ்ஆர்1 என்ற சிக்னல் (ஓடும் புராசஸுக்கு அனுப்பும் சைகை) வந்தால் அமைப்பை மறுபடி படிக்கும். மற்றவற்றுக்குப் பழகிய ஹப் சிக்னலை இதற்கும் அனுப்பிவிடாதீர்கள். லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி மூலம் செய்வதானால் அந்தச் சர்வீஸ் ஃபைலில் ரீலோட் வரி என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய செலக்டரை டிஎன்எஸ்ஸிலிருந்து உடனே எடுக்கக் கூடாது. மெயில் உங்கள் சர்வருக்குள் நுழையும்போதே கையெழுத்துப் போடப்பட்டுவிடுகிறது. எதிர்ப் பக்கம் எடுக்காததால் வரிசையில் காத்திருக்கும் மெயிலில் இருப்பது பழைய கையெழுத்து. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை முயலும். அதனால் ஒரு வாரமாவது பழையது டிஎன்எஸ்ஸில் இருக்கட்டும்.

கிளாம்ஏவி தினமும் தானாக ரீலோட் ஆகிறது, அந்த நேரத்தில் சர்வர் திணறுகிறது. ஏன்?

நினைவகம். 0.103 பதிப்பிலிருந்து, புதிய வைரஸ் கையொப்பங்களை ஏற்றி முடிக்கும் வரை பழையதையும் கிளாம்டி, அதாவது கிளாம்ஏவியின் ஓடும் புராசஸ், கையில் வைத்திருக்கும். சோதனை நிற்காமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆனால் ஒரு தொகுப்பே ஒரு ஜிபி அளவுக்குப் போகும், அந்தச் சில நொடிகளுக்கு இரண்டு தொகுப்பு. 2 ஜிபி வாடகை சர்வரில் இது தாங்காது, லினக்ஸ் கர்னல் ஏதாவது ஒரு புராசஸைக் கொன்றுவிடும். கன்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோட் என்ற வரியை 'நோ' என்று வையுங்கள். ஏற்றும் நேரத்தில் சோதனை கொஞ்சம் காத்திருக்கும், அவ்வளவுதான். இந்த வரி இருக்கும் கிளாம்டி.கான்ஃப் ரீலோடில் படிக்கப்படாது. கிளாம்டியின் ரீலோட் என்பது கையொப்பங்களுக்கு மட்டும். அமைப்பை மாற்றினால் கிளாம்டியை ரீஸ்டார்ட் செய்யத்தான் வேண்டும்.

ரீலோட் செய்யும் முன் எதைச் சோதிப்பது?

போஸ்ட்ஃபிக்ஸுக்கு போஸ்ட்ஃபிக்ஸ் செக், டவ்காட்டுக்கு டவ்கான்ஃப், ஸ்பாம்அசாசின் என்ற இன்னொரு ஸ்பாம் வடிகட்டிக்கு லின்ட். எல்லாவற்றிலும் இப்படி ஒன்று இருக்கிறது. சில நொடி வேலை. அமைப்பு அடைவை மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் வைத்திருந்தால், மாற்றம் சரிப்படவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்பி இன்னொரு ரீலோட் கொடுத்துவிடலாம்.

எக்ஸிம் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் ஹேசல் 1995-இல் தொடங்கிய புரோகிராம் அது. புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு எக்ஸிம் புராசஸும் அமைப்பை நேரே ஃபைலிலிருந்து படிக்கும். பிழையோடு சேவ் செய்தால், நீங்கள் ரீலோட் சொல்வதற்கு முன்பே டெலிவரிகள் தடுமாறத் தொடங்கிவிடும். எனவே எக்ஸிமில் நகல் ஃபைலில் எழுதி, சோதித்து, பிறகே பெயர் மாற்றி உண்மையான இடத்தில் வையுங்கள்.

டாக்கரில் ஓடுகிறது. ஃபைலை மாற்றி ரீலோட் கொடுத்தாலும் பழைய அமைப்பே வருகிறதே?

டாக்கர் புரோகிராமைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும். அதற்குள் வெளியிலிருந்து ஒற்றை ஃபைலை மட்டும் மவுன்ட் செய்திருப்பீர்கள், அதாவது இணைத்திருப்பீர்கள். கண்டெய்னர் பிடித்துக்கொண்டிருப்பது ஃபைலின் பெயரை அல்ல, டிஸ்க்கில் அதை அடையாளம் காட்டும் ஐநோடை. ஃபைலைத் திருத்தும் செட் கட்டளையும் பல எடிட்டர்களும் புதிய ஃபைல் எழுதிப் பெயர் மாற்றி வைக்கும். வெளியே புது ஃபைல், கண்டெய்னருக்குள் இன்னமும் பழையது. ஃபைலுக்குப் பதிலாக அதன் அடைவையே மவுன்ட் செய்யுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

பிளகின் பேக்கேஜையே புதிய பதிப்புக்கு ஏற்றினால்?

அப்போது ரீஸ்டார்ட். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிளகின் என்பது புராசஸின் நினைவகத்துக்குள் ஏற்றப்பட்ட நிரல். அமைப்பை மறுபடி படித்தால் நிரல் மாறாது. டவ்காட்டின் பிளகின் அதன் டவ்காட் பதிப்போடு பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் புதிய புராசஸ்கள் பிளகினை ஏற்ற மறுக்கும். மெயிலை விதிப்படி பிரித்துப் போடும் பிஜன்ஹோல் சீவ் பிளகின் வைத்திருப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே ஏற்றிவிட்டு, ஹோட்டலுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஹராக்காவில் சொந்தப் பிளகின் எழுதியிருக்கிறேன். ஐஎன்ஐ ஃபைலை மாற்றினாலும் பழைய மதிப்பே இருக்கிறது?

ஹராக்கா தன் கான்ஃபிக் ஃபைல்களைக் கவனித்துக்கொண்டே இருக்கும். ஆனால் உங்கள் பிளகின் தொடங்கும்போது ஓடும் ரெஜிஸ்டர் பகுதியில் ஒருமுறை படித்து மாறிலியில் வைத்துக்கொண்டிருந்தால், மாற்றம் வந்த செய்தி அதற்கு எட்டாது. கான்ஃபிக் கெட் அழைப்போடு மாற்றம் வந்தால் அழைக்கப்படும் ஒரு கால்பேக் கொடுத்து, அதற்குள் மறுபடி படிக்கச் செய்யுங்கள். எந்தெந்தப் பிளகின் ஓட வேண்டும் என்ற பட்டியலை மாற்றினால் மட்டும் ரீஸ்டார்ட் வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) ரீலோட் போட்டுவிட்டால் கவலை விட்டதல்லவா?

வேண்டாம். ஒவ்வொரு ரீலோடிலும் கியூஎம்ஜிஆர் புதிதாகப் பிறந்து, நடப்பில் இருந்த வரிசையைத் திரும்ப உள்வரிசைக்குத் தள்ளி முதலிலிருந்து ஆரம்பிக்கும். வரிசை நீளமாக இருக்கும் நாளில் இதுவே தாமதம். சோதிக்காத ஃபைல் தானாக ஏறிவிடும் ஆபத்தும் கூட.

கிரானுக்கு ஏற்ற ரீலோட் ஒன்று உண்டு: இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளைக்கு என்றால், அது புதுப்பிக்கப்படும்போது மட்டும் போஸ்ட்ஃபிக்ஸுக்கும் டவ்காட்டுக்கும் ரீலோட் போக வேண்டும். சான்றிதழைப் புதுப்பிக்கும் சர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக் அதற்கே இருக்கிறது, புதுப்பித்தல் வெற்றியானால்தான் ஓடும். இதை வைக்காதவர்கள் வீட்டில்தான், டிஸ்க்கில் புதுச் சான்றிதழ் இருந்தும் போன்கள் "காலாவதியானது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

மாற்றம் உண்மையிலேயே நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லாகில் ரீலோட் வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஓடும் புராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் புராசஸ்கள் தொடங்கிய நேரம். மாஸ்டரின் எண்ணும் நேரமும் பழையதாக இருக்க வேண்டும், எஸ்எம்டிபிடிகளின் நேரம் ரீலோடுக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். ஒரு எஸ்எம்டிபிடி மட்டும் பழைய நேரத்தோடு நின்றால், அது இன்னும் யாரிடமோ மெயில் வாங்கிக்கொண்டிருக்கிறது. காத்திருங்கள், முடித்ததும் போய்விடும்.

கடைசியாக, பிளகின் செய்ய வேண்டிய வேலையையே செய்யச் சொல்லிப் பாருங்கள். ஸ்பாம் வடிகட்டிக்கு ஜிடியூப் என்ற சோதனை வரி, வைரஸ் சோதனைக்கு ஐகார் ஃபைல், இரண்டுமே கெடுதல் இல்லாதவை. வெளிக்கணக்கிலிருந்து உங்கள் டொமைனுக்கு அனுப்பினால் மறுக்கப்பட வேண்டும். டிகேஐஎம்முக்கு, ஒரு ஜிமெயில் கணக்குக்கு மெயில் அனுப்பி, அதன் மூலத்தைத் திறந்து, புதிய செலக்டர் பெயரும் 'பாஸ்' என்ற முடிவும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.